நெடி வராத மிளகாய்

சிம்பாங் பூலாய்,
18.3.2024

அன்புள்ள தினேஸ்வரி அண்ணிக்கு,

சாந்தினி எழுதுகிறேன். இங்கே மாமி, உங்கள் தம்பி, தேவிஸ்ரீ, நான் எல்லாரும் சுகம். சித்தியவான் புது வீட்டில் நீங்களும் பவித்ரன் அண்ணனும் சுகமாக இருக்க வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பீர்கள். வேறென்ன செய்ய? எங்கள் மூன்று பேர் நம்பரையும் பிளாக் செய்துவிட்டீர்கள். நான் வேலை செய்யும் டயர் கடை போனிலிருந்து அடித்தேன். என் குரலைக் கேட்டதும் அதையும் வைத்துவிட்டீர்கள். தமிழ்ப்பள்ளியில் எழுதியதுதான் என் கடைசிக் கடிதம். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்று நடந்தது கண்ணை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. தேவிஸ்ரீ மூன்று மாதப் பிள்ளை, இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு, ஓயாத அழுகை. நீங்கள் ஓடி வந்து மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தீர்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் மாமி காய்ந்த மிளகாய், உப்பு, முச்சந்தி மண் எல்லாம் எடுத்துப் பிள்ளையைச் சுற்றி, பால்மாவு டின்னில் இருந்த கரி நெருப்பில் போட்டார். நெடி வரவில்லை. இன்னொரு பிடி போட்டார். ஒருவருக்கும் ஒரு தும்மல்கூட இல்லை. மூன்றாவது பிடியும் அப்படியே. மிளகாய் எரிந்தும் நெடி வராவிட்டால் பெரிய கண் பட்டிருக்கிறது என்றுதானே நம் ஆட்கள் சொல்வார்கள்? மாமி உங்களையே பார்த்தார். "தினேசு, கொஞ்ச நாளைக்கு நீ புள்ளைய தூக்காதம்மா" என்றார்.

கல்யாணமாகிப் பதினோரு வருடமாகப் பிள்ளைக்கு ஏங்குகிற மகளிடம் பெற்ற தாயே அப்படிச் சொன்னபோது நான் குறுக்கே பேசியிருக்க வேண்டும். வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்றேன். அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. கையை நீட்டி உங்கள் மடியிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டேன். அதற்குத்தான் மன்னிப்புக் கேட்கிறேன்.

திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள் அண்ணி. நீங்கள் வராத வீடு நன்றாகவே இல்லை.

உங்கள்
சாந்தினி

* * *

சித்தியவான்,
2.4.2024

சாந்தினிக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். குழந்தைக்கு உடம்பு தேறியது அறிந்து சந்தோஷம்.

மன்னிப்பு எல்லாம் இருக்கட்டும். ஒன்று மட்டும் கேட்கிறேன். மூன்று பிடி மிளகாயும் ஒரே ஜாடியிலிருந்து எடுத்ததா? அந்த மிளகாய் எங்கே வாங்கியது?

தினேஸ்வரி

* * *

சிம்பாங் பூலாய்,
9.4.2024

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் டயர் கடை கவுண்டரிலேயே நின்று படித்தேன். முதலாளி தவுக்கே என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார். நாங்கள் சுகம். உங்களுக்கும் அண்ணனுக்கும் குறையொன்றும் இருக்கக் கூடாது.

நம் வீட்டில் ஜாடி ஒன்றுதான், அடுப்புக்கு மேலே பச்சை மூடி போட்டது. மிளகாய் எப்போதும் வாங்குகிற இடத்தில்தான்.

தேவிஸ்ரீ இப்போது குப்புற விழுகிறாள். விழுந்துவிட்டுத் திரும்பத் தெரியாமல் கத்துகிறாள். மாமிக்குக் குடல்புண் கொஞ்சம் தேவலை, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார். ஆனால் சாப்பாட்டில் உட்கார்ந்தால் ஒரே புலம்பல். "கொழம்பு நல்லா செவப்பா இருக்கு, நாக்குக்குத்தான் ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. என் நாக்கு செத்துப் போச்சுடி" என்கிறார். காலையில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில் சோற்றுக்குப் பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டவராம். எனக்குக் கேட்கச் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும்.

நீங்கள் சாஸ் கம்பெனி சோதனை அறையில் நாளெல்லாம் மிளகாயோடு இருக்கிறவர். மிளகாயில் அந்தக் காரம் எங்கிருந்துதான் வருகிறது? நெடி ஏன் ஒரு நேரம் வருகிறது, ஒரு நேரம் வரவில்லை? எனக்குப் புரிகிற மாதிரி எழுதுங்களேன்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
சாந்தினி

* * *

சித்தியவான்,
20.4.2024

அன்புள்ள சாந்தினி,

சுகமா? அம்மாவை வெறும் வயிற்றில் கோப்பி குடிக்க விடாதே. சொன்னால் கேட்க மாட்டார், ஒளித்து வை.

நீ கேட்டதைச் செய்யத்தான் எனக்குப் பதினான்கு வருடமாகச் சம்பளம் கொடுக்கிறார்கள். வீட்டில் ஒருத்தர்கூட இதுவரை கேட்டதில்லை. கேட்டுவிட்டாய், இனி தப்பிக்க முடியாது, உட்கார்ந்து படி.

காரம் விதையில் இருக்கிறது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். தப்பு. ஒரு மிளகாயைக் கீறிப் பார். உள்ளே வெள்ளையாக ஒரு நரம்பு ஓடும், விதைகள் அதில்தான் ஒட்டியிருக்கும். அந்த வெள்ளையில்தான் செடி காரத்தைச் செய்கிறது. வனிலா வாசனைக்கு நெருங்கிய சொந்தமான ஒரு பொருளையும் ஒரு கொழுப்பு அமிலத்தையும் செடி ஒன்றாகக் கோத்துவிடுகிறது. அப்படி வருவதுதான் கேப்சைசின். விதைக்குச் சொந்தமாகக் காரம் கிடையாது, பக்கத்தில் இருந்து ஒட்டிக்கொண்டதுதான்.

அது உண்மையில் சுடுவதும் இல்லை. நம் வாயிலும் தொண்டையிலும் சூட்டைக் கண்டுபிடிக்க ஒரு நரம்பு இருக்கிறது. கேப்சைசின் அதைப் போய்த் தொட்டு ஏமாற்றுகிறது. நெருப்புப் பட்டுவிட்டது என்று மூளை அலறும், நாக்கில் ஒரு கொப்புளமும் இருக்காது. பறவைகளிடம் இந்த ஏமாற்று பலிக்காது. சிலிம் ரிவர் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் பின்னால் மைனா வந்து சில்லி பாடி என்கிற குட்டி மிளகாயை மிட்டாய் மாதிரி கொத்தித் தின்னும், நானும் தம்பியும் வாயைப் பிளந்து பார்ப்போம். விதையை மென்று நொறுக்குகிற பிராணிகளை விரட்டிவிட்டு, முழுசாக விழுங்கி வேறு எங்கோ போய்ப் போடுகிற பறவைக்குச் செடி வழி விடுகிறது. காரம் தண்ணீரில் கரையாது, அதனால்தான் வாய் எரிந்தால் தண்ணீர் குடித்துப் பிரயோசனம் இல்லை, பால் குடிக்க வேண்டும்.

எல்லா மிளகாயிலும் இது ஒரே அளவில் இருக்காது. தண்ணீர் இல்லாமல் வாடிய செடியில் பெரும்பாலும் காரம் ஏறும். சில ரகங்களில் பெயருக்குத்தான் காரம். நிறத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சிவப்பைக் கொடுக்கிற பொருள் வேறு, அது தோலில் இருக்கிறது. ரத்தச் சிவப்பாக இருக்கிற மிளகாய் வாயில் போட்டால் சப்பென்று இருக்கும்.

இப்போது நெருப்புக்கு வா. மிளகாய் எரியும்போது இந்தக் கேப்சைசின் புகையோடு ஏறித் தொண்டையில் அதே நரம்பைத் தொடுகிறது. அதுதான் நெடி. காரமில்லாத மிளகாயைப் போட்டால் காகிதம் எரிந்த மாதிரி எரிந்துவிட்டுப் போகும், யார் கண் பட்டிருந்தாலும் சரி, படாவிட்டாலும் சரி.

இதையெல்லாம் அன்றைக்கே நான் சொல்லியிருக்கலாம். அம்மா அப்படிச் சொன்ன நிமிடம் படித்தது ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. உன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்க் காரில் ஏறினேன். இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

அந்த ஜாடியிலிருந்து ஏழு மிளகாய் எடுத்துத் தபாலில் அனுப்பு. நான் இங்கே அளக்கிறேன். எண் குறைவாக வந்தால் அந்தத் தாளை அம்மா கையில் கொடுக்கலாம். எங்கள் வீட்டில் ஒரு நல்ல காரியம் நடக்கப் போகிறது, என்னவென்று இப்போது சொல்ல மாட்டேன். அதற்கு முன்னால் எனக்கு இது தெரிந்தாக வேண்டும் சாந்தினி. நான் எவ்வளவு படித்திருந்தாலும் தெரிந்தாக வேண்டும்.

தேவிஸ்ரீக்கு என் முத்தம்.

அன்புடன்
தினேஸ்வரி

* * *

சிம்பாங் பூலாய்,
6.5.2024

அன்புள்ள அண்ணிக்கு,

அனைவரும் சுகம். அங்கும் அப்படியே இருக்க வேண்டும். பதில் தாமதம். கடையில் கணக்கெடுப்பு, ஒழிவே இல்லை.

நீங்கள் எழுதியதை நாலு தடவை படித்தேன். மைனா விஷயத்தை உங்கள் தம்பியிடம் சொன்னேன், "ஆமா லா, நானும் ஒரு நாள் அதப் பாத்துட்டுத் தின்னு, மூணு நாளு அழுதேன்" என்றார்.

கேட்ட ஏழு மிளகாய் இதோடு வைத்திருக்கிறேன்.

சாந்தினி

* * *

சித்தியவான்,
21.5.2024

சாந்தினிக்கு,

நலம்.

ஏழையும் அரைத்து, சாராயத்தில் ஊறவைத்து, வடிகட்டி, இயந்திரத்தில் விட்டுப் பார்த்தேன். நம்பாமல் மறுநாள் இன்னொரு தடவையும் பார்த்தேன். காரத்தை அளக்கிற ஸ்கோவில் கணக்கில் முப்பத்தெட்டாயிரம். நல்ல காரமான மிளகாய். ஒரு பிடி நெருப்பில் விழுந்திருந்தால் வீடு என்ன, தெருவே இருமியிருக்கும்.

நீங்கள் மூன்று பிடி போட்டீர்கள்.

இதற்கு மேல் எனக்குத் தெரிந்த வேதியியலில் பதில் இல்லை. அம்மா சொன்னதில் தப்பில்லை போலிருக்கிறது. குழந்தையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்.

தினேஸ்வரி

* * *

சிம்பாங் பூலாய்,
27.6.2024

அன்புள்ள அண்ணிக்கு,

போன மாதக் கடைசியில் ஒரு கடிதம் போட்டேன், கிடைத்ததா? பதில் இல்லாததால் மறுபடி எழுதுகிறேன். உங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அண்ணன் லூமுட் துறைமுகத்துக்கு வேலைக்குப் போய் வருகிறாரா? இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

தேவிஸ்ரீ தவழ ஆரம்பித்துவிட்டாள். கண்ணில் பட்டதெல்லாம் வாய்க்குள் போகிறது. மாமி காலையில் கோயிலுக்குப் போய் வருகிறார். முந்தாநாள் சாப்பிடும்போது, "தினேசுக்கு என்மேல கோவம் போகவே போகாதா?" என்று கேட்டார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சோதனை எண்ணை எல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அண்ணி. இயந்திரம்கூடச் சில நேரம் தப்பாகச் சொல்லும் அல்லவா? பழையதை விட்டுவிட்டு வாருங்கள். நாங்கள் யாரும் அப்படி நினைக்கவில்லை.

ஒரு வரியாவது எழுதுங்கள்.

சாந்தினி

* * *

சித்தியவான்,
4.8.2024

தங்கச்சி சாந்தினிக்கு,

அண்ணன் பவித்ரன் எழுதுவது. தம்பி, அத்தை, குழந்தை எல்லாரும் நலமாக இருக்க வேண்டும். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. உங்கள் வீட்டுக்குப் போன் செய்யக் கூடாது என்று உன் அண்ணி என்னிடம் கையடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். கடிதத்தைப் பற்றிச் சத்தியம் வாங்கவில்லை. அதனால் எழுதுகிறேன். அவளுக்குத் தெரியாது.

அவள் நன்றாக இல்லை. வேலைக்குப் போகிறாள், சமைக்கிறாள், எல்லாம் சரி. ஆனால் பக்கத்து வீட்டில் புஷ்பலதா என்று ஒரு பெண்ணுக்குக் கைக்குழந்தை இருக்கிறது. அந்தக் குழந்தை வாசலில் இருந்தால் இவள் பின்பக்கமாக வீட்டுக்குள் வருகிறாள். கடையில் யாராவது குழந்தையோடு நின்றால் தலையைக் குனிந்துகொள்கிறாள். முதலில் எனக்குப் புரியவில்லை.

நாங்கள் ஒரு குழந்தையைத் தத்தெடுக்க சமூக நல இலாகாவில் மனுப் போட்டு இரண்டு வருடம் ஆகிறது. யாருக்கும் சொல்லவில்லை, அமைந்த பிறகு சொல்லலாம் என்று இருந்தோம். ஜூலையில் கூப்பிட்டார்கள். ஐந்து மாதப் பெண் குழந்தை. நான் அங்கேயே அழுதுவிட்டேன். வீட்டுக்கு வந்து இவள் சொல்கிறாள், "எனக்கு வேணாங்க. எங்கண்ணு சரியில்ல. யாரோ பெத்த புள்ள, எங்கிட்ட வந்து சீக்குல விழ வேணாம்." நான் கத்தினேன், கெஞ்சினேன். அசையவில்லை. ஆகஸ்டு இருபதுக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவார்கள்.

நீ அனுப்பிய மிளகாயில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அதை அளந்த நாளிலிருந்துதான் இப்படி. உனக்கு ஏதாவது தெரிந்தால் அவளுக்குச் சொல்லம்மா.

பவித்ரன்

* * *

சிம்பாங் பூலாய்,
7.8.2024

அண்ணி,

சுகம் விசாரிக்கும் யோக்கியதை எனக்கு இல்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன். நான் உங்களுக்கு அனுப்பிய ஏழு மிளகாயும் ஜாடியில் இருந்தவை இல்லை. அன்று காலையில் பசாரில் புதிதாக வாங்கியவை.

ஜாடியில் இருந்தது காஷ்மீர் மிளகாய். ஜனவரியில் மாமிக்குக் குடல்புண் என்று டாக்டர் காரத்தை நிறுத்தச் சொன்னார். மாமி கேட்டால்தானே? "காரமில்லாத கொழம்ப கொண்டுபோய் வாழமரத்துக்கு ஊத்து" என்று தட்டைத் தள்ளிவிட்டார். நான் ஈப்போவில் காஷ்மீர் மிளகாய் வாங்கி வந்து, பழையதைக் கொட்டிவிட்டு ஜாடியை நிரப்பினேன். நிறம் தூக்கலாக இருக்கும், காரம் இருக்காது. கொஞ்சம் சுருக்கம் அதிகம், பழைய சரக்கு என்று மாமி நினைத்துக்கொண்டார். மாமி நாக்கு செத்துவிட்டது என்று புலம்பியதெல்லாம் என்னால்தான். உங்கள் தம்பிக்குக்கூடத் தெரியாது.

அன்று நெருப்பில் போட்டபோது எனக்கு இது தோன்றவே இல்லை. சத்தியமாகத் தோன்றவில்லை. பிள்ளை துவண்டு கிடந்தாள், எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் குழம்புக்கு மிளகாய் எடுக்க ஜாடிக்குள் கைவிட்டேன். அப்போதுதான் காஷ்மீர் மிளகாய் ஞாபகம் வந்தது.

உடனே சொல்லியிருக்க வேண்டும். மாமி என்னை என்ன நினைப்பார் என்று பயந்தேன். அது மட்டும் இல்லை. நீங்கள் போன மறுநாள் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு நின்றது. மருந்தால்தான் நின்றது என்று ஒரு மனசு சொன்னது. இன்னொரு மனசு, ஒரு வேளை அண்ணி கண்தானோ என்றது. ஆமாம் அண்ணி, நானும் நினைத்தேன்.

நீங்கள் ஜாடி மிளகாயைக் கேட்டபோது பத்து நாளுக்கு மேல் யோசித்தேன். நல்ல மிளகாயை அனுப்பினால், வழக்கமான மிளகாய்தான் என்று ஒரு எண்ணை எழுதிவிட்டு விட்டுவிடுவீர்கள் என்று நினைத்தேன். உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே என்ன செய்துவிட்டேன் என்று புரிந்தது. புரிந்தும், இயந்திரம் தப்புச் சொல்லும் என்று எழுதினேன். எவ்வளவு கேவலம்!

பவித்ரன் அண்ணன் எழுதித்தான் குழந்தை விஷயம் தெரியும், அவரைத் திட்டாதீர்கள். அவரிடம் போனில் சொல்லியிருக்கலாம். நீங்கள் உங்கள் கையால் அளந்தால்தான் நம்புவீர்கள். அதனால்தான் ஜாடியையே மூடியோடு சுற்றி விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். கடையில் கொடுத்த பாக்கெட்டும் உள்ளே இருக்கிறது. அளந்து பாருங்கள். அளந்துவிட்டு அந்தக் குழந்தையைப் போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கள். என்னை மன்னிக்கவே வேண்டாம். அதை மட்டும் செய்யுங்கள்.

சாந்தினி

* * *

சித்தியவான்,
19.8.2024

சாந்தினி,

ஆயிரத்து நூறு. மூன்று தடவை அளந்தேன். தக்காளி சாஸுக்கு நிறம் கொடுக்கலாம், வேறு எதற்கும் ஆகாது.

வயிறு எரிகிறது எனக்கு. ஜாடியை மாற்றியதற்கு இல்லை. அம்மா பிடிவாதம் எனக்குத் தெரியாதா, உன் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். அன்று பயத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றாயே, அதற்கும் இல்லை. நான்கு பக்கம் உட்கார்ந்து எழுதினேனே, எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்று. அதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போய்ப் பொறுக்கி எடுத்து ஏழு மிளகாய் அனுப்பினாயே, அதற்கு. மூன்று மாதம் நான் என் கண்ணைப் பிடுங்கி எறியலாமா என்று இருந்தேன் தெரியுமா உனக்கு?

எனக்கு என்மேலும் கோபம். மாதிரி எங்கிருந்து வந்தது என்று கேட்பதுதான் எங்கள் வேலையில் முதல் கேள்வி. புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு நான்தான் அதைச் சொல்லிக் கொடுக்கிறேன். காம்பு பச்சை மாறாமல் இருந்தது, மாதக்கணக்கில் ஜாடியில் கிடந்த மிளகாய்க்கு அப்படி இருக்காது. கண்ணால் பார்த்தேன், கேட்கவில்லை. உள்ளுக்குள்ளே ஏற்கெனவே நம்பிவிட்டிருக்கிறேன், அதுதான் காரணம். இயந்திரம் கொடுத்ததை அளக்கும், மிளகாயை அளக்கும். என்னை அது அளக்கவில்லை. இது தெரிந்த நானே நம்பினேன் என்பதுதான் வெட்கமாக இருக்கிறது.

இன்று காலை சமூக நல இலாகாவுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டோம். வேறு ஒரு குடும்பமும் கேட்டிருக்கிறார்களாம். பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள்.

அம்மாவிடம் நீயே சொல்ல வேண்டும். தம்பியை முன்னால் நிறுத்திவிட்டு நீ பின்னால் நிற்காதே.

தினேஸ்வரி

* * *

சிம்பாங் பூலாய்,
2.9.2024

அன்புள்ள அண்ணிக்கு,

கையெழுத்துப் போட்டீர்கள் என்று படித்ததும் அழுதுவிட்டேன். அந்தக் குழந்தை உங்களுக்கே அமைய வேண்டும். தேவிஸ்ரீ நலம், சுவரைப் பிடித்து நிற்கிறாள். மற்றவர்கள் நலத்தைக் கீழே எழுதுகிறேன்.

மாமியிடம் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், உங்கள் தம்பியையும் உட்காரவைத்துக்கொண்டு, ஒன்று விடாமல் சொன்னேன். ஜாடியை அனுப்பும் முன் எடுத்து வைத்திருந்த காஷ்மீர் மிளகாய் ஒன்றை நீட்டினேன். மாமி கடித்து மென்று பார்த்தார். "ஏண்டி, இது மொளகாயா? இத வச்சா இத்தன மாசமா எனக்குக் கொழம்பு ஊத்துன?" என்றார். சரி, அதற்கு இரண்டு அடி விழும் என்று நின்றேன். அடிக்கவில்லை. முகம் அப்படியே மாறிப்போனது. "அப்ப தினேசுகிட்ட நான் சொன்னது?" என்று கேட்டார்.

"தப்பு மாமி" என்றேன்.

எழுந்து அடுப்படிக்குப் போனார். பசாரில் நான் வாங்கி மறைத்து வைத்திருந்த காரமான மிளகாய் எப்படியோ அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒன்றை எடுத்து வாயில் போட்டு மென்றார். நான் ஓடிப் போய்த் தடுப்பதற்குள் இன்னொன்றும் உள்ளே போய்விட்டது. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டுகிறது. தண்ணீர் வேண்டாம், பால்தான் கொடுக்க வேண்டும் என்று நீங்கள் எழுதியது ஞாபகம் வந்து பாலை நீட்டினேன். கையால் தள்ளிவிட்டார். "வேணாம். பெத்த புள்ளையப் பாத்து அப்படிச் சொன்ன வாயிக்கு இது வேணும்" என்றார். நானும் அவரும் அடுப்படித் தரையில் உட்கார்ந்து அழுதோம்.

மறுநாள் வயிற்று வலி தாங்க முடியாமல் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் என்னைப் பிடித்துத் திட்டினார். இப்போது பரவாயில்லை, கஞ்சி குடிக்கிறார். உங்கள் தம்பி நான்கு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள், "எனக்குச் சொல்லிருக்கலாம்ல" என்று மட்டும் கேட்டார்.

மாமி உங்களைப் பற்றி ஒன்றும் பேசுவதில்லை. ஆனால் நேற்று, ஈப்போவிலிருந்து சித்தியவானுக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று என்னைக் கேட்டார். கூட வரட்டுமா என்றேன். வேண்டாம் என்றுவிட்டார்.

சாந்தினி

* * *

சித்தியவான்,
14.10.2024

அன்புள்ள சாந்தினி,

இங்கே மூன்று பேரும் சுகம். ஆமாம், மூன்று பேர். செவ்வாய்க்கிழமை பாப்பாவைக் கொடுத்துவிட்டார்கள். எட்டு மாதம் ஆகிறது. பெயர் இன்னும் வைக்கவில்லை. உன் அண்ணன் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் குத்துக்கல் மாதிரி தொட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

சனிக்கிழமை காலை கதவைத் திறக்கிறேன், அம்மா நிற்கிறார். நீ எழுதி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, இனி வரமாட்டார் என்று நினைத்திருந்தேன். உடம்பு தேறட்டும் என்று இருந்தாராம். வெயிலில் பஸ் நிலையத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறார். எனக்குத் திட்ட வேண்டும் என்று எவ்வளவோ இருந்தது, கதவை விட்டு விலகி வழி விட்டேன். உள்ளே வந்தவர் பாப்பா சத்தம் கேட்டதும் கை கால் கழுவிவிட்டு, "புள்ள எங்க?" என்று கேட்டார்.

உன்னிடம் ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதே. அந்த நான்கு நாளும் பாப்பாவைக் குளிப்பாட்டினேன், பால் கரைத்துக் கொடுத்தேன், நாப்பி மாற்றினேன். முகத்தை மட்டும் நேராகப் பார்க்கவில்லை. ஆயிரத்து நூறு என்று எனக்குத் தெரியும். மூன்று தடவை அளந்தவளும் நான்தான். தெரிந்தும், பால் கொடுக்கும்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். உன் அண்ணனுக்குக்கூட அது தெரியவில்லை. அம்மாவுக்கு ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

பாப்பாவை என் மடியில் வைத்து நான் புட்டியைப் பிடித்திருந்தேன். அம்மா எதிரில் வந்து உட்கார்ந்தார். என் தாடையைப் பிடித்துக் கீழே திருப்பினார். நான் திமிறினேன். விடவில்லை. பால்மரம் வெட்டிய கை அல்லவா, இன்னும் அந்தப் பிடி போகவில்லை.

"பாருடி" என்றார். "நான்தான் சொன்னேன் ஒரு கிறுக்குச் சொல்லு. நானே சொல்றேன் இப்ப. ஒம் புள்ளைய நீ பாக்காம யாரு பாக்குறது? கண்ணு நெறயப் பாரு."

உன்மேல் எனக்குக் கோபம் இன்னும் இருக்கிறது, அது போகிறபோது போகட்டும். தீபாவளிக்கு முந்தின வாரம் தேவிஸ்ரீயைத் தூக்கிக்கொண்டு தம்பியோடு வா. எல்லார் நம்பரையும் திறந்துவிட்டேன், இனி போனிலேயே திட்டலாம்.

அம்மா பிடித்திருந்த கையை எடுத்த பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தேன் சாந்தினி. பாப்பாவுக்கு இடது கன்னத்தில் ஒரு சின்ன மச்சம் இருக்கிறது. நான்கு நாளாக என் கையில்தான் இருந்தாள், எனக்கு அது தெரியாது.

உன் அண்ணி
தினேஸ்வரி